ஆவணியில் திறக்கும் வாசல்

மைசூர்
9 மார்ச் 2025

அன்புள்ள ஜோதிக்கு,

இங்கே நானும் அம்மாவும் சுகம். நீ மண்டபம் போய்ச் சேர்ந்துவிட்டாய் என்று அனுப்பிய ஒற்றை வரியைப் போனில் பார்த்தேன். இனிப் போன் வேண்டாம், எழுதிக்கொள்ளலாம் என்று நீ சொன்னபடியே எழுத உட்கார்ந்திருக்கிறேன். நீ சொன்னது சரிதான். போனை எடுத்தால் மூன்றாவது வார்த்தையில் நமக்குள் சண்டை வந்துவிடுகிறது. கடிதத்தில் அந்தத் தொல்லை இல்லை. நீ குறுக்கே பேச முடியாது, நான் கத்தினாலும் உனக்குக் கேட்காது.

உன் நண்டு பாட்டில்களை அம்மா சாக்கடையில் கொட்டியது தப்புதான். நான் அதைப் பார்த்துக்கொண்டு சும்மா நின்றது அதைவிடத் தப்பு. "செத்ததையெல்லாம் ஊட்டுக்குள்ள வெச்சிருக்கறது ஆகாது கண்ணு" என்று இன்னும் சொல்லிக்கொண்டுதான் இருக்கிறாள். ஹனூர்க் காட்டோரத்தில் பிறந்து வளர்ந்தவள், அவளை மாற்ற முடியாது.

ஆனால் கிளம்பும்போது பையைத் தோளில் மாட்டிக்கொண்டு ஒன்று சொன்னாயே, "இந்த வீட்டில் எனக்கு மூச்சு விட இடமில்லை மாமா" என்று, அதை என்னால் மறக்க முடியவில்லை. ஊருக்கெல்லாம் வீடு கட்டிக் கொடுக்கிற மேஸ்திரியின் பெண்டாட்டி சொல்கிற வார்த்தையா அது? உன் படிப்பு மேசைமேல் சிமெண்டு மூட்டை வைத்தவன் நான்தான். அதனால் மாடியில் உனக்கென்று ஓர் அறை எழுப்புகிறேன். கிழக்கே ரோட்டைப் பார்த்துப் பெரிய சன்னல், சாமுண்டி மலை தெரியும். மேற்கே இன்னொரு சன்னல். உள்ளேயே பாத்ரூம். தென்மேற்கு மூலையில் படி ஏறி வந்தால் வாசல். உன் பாட்டில்களுக்குக் கடப்பைக்கல் அலமாரி.

ஆகஸ்டில் உன் ஆராய்ச்சி லீவு முடிகிறது. அப்போது இங்கே வருவாயா, வேறு எங்காவது போவாயா என்று நான் இப்போது கேட்கவில்லை. அறை பதில் வாங்கித் தரும் என்று நம்புகிறேன். அந்தப் புது நண்டைப் பற்றியாவது எழுது. எங்கள் பக்கத்து வயல் நண்டைத் தவிர எனக்கு ஒன்றும் தெரியாது.

உன்
சேகரன்


மண்டபம்
21 மார்ச் 2025

அன்புள்ள மாமாவுக்கு,

கடிதம் கிடைத்தது. இரண்டு தடவை படித்தேன். மன்னிப்புக் கேட்கும்போதுகூட அத்தைக்கு ஒரு வக்காலத்து. சரி, அதை விடுகிறேன்.

ஆராய்ச்சி நிலையத்துக்குப் பக்கத்திலேயே ஒரு மாடி அறை வாடகைக்குக் கிடைத்தது. எதிரே ஐஸ் கம்பெனி. பொழுது விடிவதற்குள் ஐஸ் பாளங்களை உடைக்கத் தொடங்கிவிடுகிறார்கள். லாரிகள் வேறு. ரோட்டைப் பார்த்துச் சன்னல் வைத்த அறை எதிரிக்கும் வாய்க்கக் கூடாது மாமா.

நண்டைக் கேட்டீர்கள். பெண் நண்டு ஒரு துவரம்பருப்பு அளவுதான் இருக்கும். பவளத்தில்தான் வாழும். பவளம் என்றதும் சிவப்பு மாலையை நினைக்காதீர்கள். இது பழுப்பு நிறத்தில், பூக்கோசுக் கிளை போலக் கிளைத்துக் கிளைத்து வளர்கிற உயிர். சின்னஞ்சிறு பெண் நண்டு நீந்தி வந்து ஒரு கிளை நுனியின் கவட்டில் உட்கார்ந்துகொள்ளும். அவ்வளவுதான். அதற்குப் பிறகு அவள் எங்கும் போவதில்லை. இரண்டு பக்கமும் பவளம் மெல்ல அகன்று, தண்ணீர் அள்ளக் குவித்த இரண்டு கைகளைப் போல மேலெழும்பி, அவளுக்கு மேலே கூடிவிடும். கூடுகிற இடத்தில் வரிசையாகச் சில ஊசித் துளைகள் மட்டும் மிஞ்சும். அவள் உயிரோடு உள்ளே இருப்பாள். சாகும்வரைக்கும்.

வனத்துறை அனுமதி வாங்கி எடுத்து வந்த ஒரு கிளை எங்கள் தொட்டியில் இருக்கிறது. அதில் ஒரு கூடு இன்னும் முழுதாக மூடவில்லை. லென்ஸ் வைத்துப் பார்த்தால் இடுக்கு வழியே அவள் கண் தெரிகிறது. நான் அவளைப் பார்ப்பதைவிட அவள் என்னைப் பார்ப்பதாகத்தான் தோன்றுகிறது.

வேளைக்குச் சாப்பிடுங்கள். சைட்டில் நின்றபடி டீ குடித்தே பொழுதை ஓட்டாதீர்கள்.

ஜோதி


மைசூர்
6 ஏப்ரல் 2025

அன்புள்ள ஜோதிக்கு,

நல்ல வேளையாகச் சொன்னாய். ரோட்டுப் பக்கச் சன்னலுக்கு லிண்டல் போட இருந்தேன், அன்றைக்குக் காலையில் உன் கடிதம் வந்தது. நம் வீட்டுக்கு எதிரே கல்யாண மண்டபம் இருக்கிறதே, முகூர்த்த நாளில் அந்த வாலக மேளத்துக்கும் மைக்குக்கும் நீ எப்படிப் படிப்பாய்? சன்னலை எடுத்துவிட்டு முழுச் சுவராக எழுப்பிவிட்டேன். மலை தெரியாது. பரவாயில்லை, மலையை மொட்டை மாடியில் பார்த்துக்கொள்ளலாம்.

என் கையாள் கெம்பையனிடம் உன் நண்டுக் கதையைச் சொன்னேன். கலவைச் சட்டியைக் கீழே வைத்துவிட்டு, "அந்த வீட்டுக்கு மேஸ்திரி யாரு அண்ணா?" என்றான். எனக்கும் அதே கேள்விதான். பவளமாகவே கட்டுகிறதா, அவள் கட்டச் சொல்கிறாளா? இன்னொன்று. அவள் புருஷன் எங்கே இருக்கிறான்? பெண்டாட்டி உள்ளே, அவன் சைட்டுக்குச் சைட்டு அலைகிறானா?

அம்மா உன்னைக் கேட்டதாக எழுதச் சொன்னாள். உண்மையிலேயே கேட்டாள், நானாக எழுதவில்லை.

உன்
சேகரன்


மண்டபம்
2 மே 2025

அன்புள்ள மாமாவுக்கு,

என் அறையின் சத்தத்தைச் சொன்னேன், நீங்கள் உங்கள் சன்னலை அடைத்திருக்கிறீர்கள். மலை தெரிகிற சன்னலை நான் எப்போது வேண்டாம் என்றேன்? உங்களிடம் தலைவலி என்று சொன்னால் தலையணையை மாற்றுவீர்கள்.

பவளத்தை யாரும் கட்டச் சொல்வதில்லை. அவளுடைய மூச்சுதான் கட்டுகிறது. நண்டு மூச்சு விடும்போது செவுள் வழியே தண்ணீரை இழுத்துத் தள்ளும். அந்த நீரோட்டம் ஓயாமல் பவளத்தின்மேல் படுகிறது. படுகிற போக்குக்கு ஏற்றபடி பவளம் தன் வளர்ச்சியை மாற்றிக்கொள்கிறது. அவள் மூச்சு எங்கே போகிறதோ அங்கே துளை, போகாத இடத்தில் சுவர். ஆகவே சிறை வைத்தவர் என்று கைநீட்ட யாருமில்லை. உட்கார்ந்து மூச்சு விட்டாள், அவ்வளவுதான்.

புருஷன் கடுகளவுதான். வெளியே திரிவான். கூடு மூடுவதற்கு முன்போ, துளை இன்னும் பெரிதாக இருக்கும்போதோ உள்ளே நுழைந்து பார்த்துவிட்டுப் போய்விடுவான். சிறியவனாக இருப்பதால்தான் அவனுக்கு வழி. அலைகிற விஷயத்தில் உங்களுக்கு உறவுதான், சிரித்துவிட்டேன்.

இங்கே வெயில் தாங்கவில்லை. மத்தியானம் ஆனால் மேற்குச் சன்னல் வழியே வந்து கட்டில்மேல் ஏறிக்கொள்கிறது. போதாததற்கு வீட்டுக்கார அம்மாள். கதவைத் தட்டுகிற வழக்கமே கிடையாது. விடுவிடுவென்று படியேறி வந்து நடு அறையில் நின்றுகொண்டு, "என்ன டீச்சர், இன்னுமா மீனுக்குப் பொறக்குற புள்ளைய எண்ணுறீய?" என்பார். வாசல் என்று ஒன்று இருந்தால் இந்தத் தொல்லைதான்.

இவற்றையெல்லாம் சும்மா உங்களிடம் புலம்புகிறேன். எதையும் அடைக்க வேண்டாம்.

ஜோதி


மைசூர்
22 ஜூன் 2025

அன்புள்ள ஜோதிக்கு,

தாமதத்துக்குக் கோபித்துக்கொள்ளாதே. அறை வேலையில் வெளி வேலைகளை ஒவ்வொன்றாக விட்டுவிட்டேன். சைட்டுக்கு இப்போது கெம்பையன்தான் போகிறான்.

வாசல் விஷயத்தில் நீ சொன்னது எனக்கு உறைத்தது. தென்மேற்கு வாசல் நேராகப் படியில் நிற்கிறது. அம்மாவுக்கு மூட்டு வலி இருந்தாலும் படியேறி வந்து நிற்பாள், நீயும் பழையபடி பையைத் தூக்குவாய். வாஸ்து பார்க்கிறவரை அழைத்து வந்து காட்டினேன். தென்மேற்கில் வாசல் கூடவே கூடாது, வடகிழக்கில் திறந்துகொள், மொட்டை மாடிப் பக்கம் போகும் என்றார். எனக்கும் அது சௌகரியமாகப் பட்டது. தென்மேற்கு வாசலை அடைத்துப் பூசிவிட்டேன். படிமேல் நின்றால் கைக்கு எட்டுகிற உயரத்தில் ஒரு வெண்டிலேட்டர் ஓட்டை மட்டும் விட்டிருக்கிறேன்.

வடகிழக்கைத் திறக்கலாம் என்றால் அம்மா நாள் பார்க்கச் சொன்னாள். வருகிற வியாழக்கிழமை இங்கே ஆஷாடம் பிறக்கிறது. ஆஷாடத்தில் புது வாசல் உடைத்தால் இந்த ஊர்க்காரர்கள் சிரிப்பார்கள். சரி, ஜூலைக் கடைசியில் அது முடிந்ததும் திறக்கலாம் என்று பார்த்தால் அதற்குள் நம் தமிழ் ஆடி பிறந்துவிடுகிறது. அம்மா இரண்டையும் பார்ப்பவள் என்று உனக்குத் தெரியாதா? "கன்னடத்துக்காரங்களுக்கு ஒரு மாசம், நமக்கு ஒரு மாசம், ஆவணி பொறக்கட்டும்" என்கிறாள். ஆக, ஆவணியில் வாசல். நீ வருகிற சமயத்துக்குச் சரியாக இருக்கும்.

அதுவரைக்கும் மேற்குச் சன்னல் வழியே சாரத்தில் ஏறி உள்ளே போய் வருகிறேன். பூச்சு வேலை முடிந்ததும் கட்டிலைப் பிரித்து உள்ளே கொண்டுபோய்க் கோத்துப் போட்டேன். உனக்கு எப்படி இருக்கும் என்று தெரிந்துகொள்ள ஒரு மத்தியானம் அதில் படுத்துப் பார்த்தேன். ஜோதி, இவ்வளவு வருஷம் வீடு கட்டியிருக்கிறேன், கட்டிய அறை எதிலும் நான் உட்கார்ந்ததில்லை. மெஷின் சத்தம் இல்லை, கூலிக்காரர் சத்தம் இல்லை. என் மூச்சு எனக்கே கேட்டது. உனக்காகக் கட்டியதில் நான் தூங்கிப்போனேன்.

உன்
சேகரன்


மண்டபம்
30 ஜூன் 2025

மாமா,

உங்கள் கடிதம் கிடைத்தது. நான் உங்களுக்கு என்னென்ன எழுதினேன் என்று ஒவ்வொன்றாக நினைத்துப் பார்த்தேன். சத்தம் என்றேன், கிழக்கு மூடியது. வாசல் தொல்லை என்றேன், வாசல் மூடியது. நான் மூச்சு விட்டேன், நீங்கள் சுவர் எழுப்பினீர்கள்.

தயவுசெய்து கேளுங்கள். மேற்குச் சன்னலைத் தொடாதீர்கள். ஆஷாடமாவது ஆடியாவது, வடகிழக்கை இன்றைக்கே திறந்துவிடச் சொல்லுங்கள். அப்படியொரு அறைக்குள் நான் வர மாட்டேன். இதை அன்பில்லாமல் எழுதவில்லை. பயத்தில் எழுதுகிறேன்.

போன வாரம் இங்கே ஒன்று நடந்தது. முழுதாக மூடிய ஒரு கூட்டை ஆராய்ச்சிக்காக உடைத்தேன். நண்டுக்கு ஒரு காயமும் இல்லை. வெளியே தொட்டி முழுக்க இடம். கூட்டில் உட்கார்ந்த பிறகு முதல்முறையாக நாலு பக்கமும் திறந்த தண்ணீர். அவள் ஓடுவாள் என்று நினைத்தேன். சுவர் எங்கே இருந்ததோ அங்கே காலை வைத்துத் தடவிப் பார்த்தாள். இல்லை. திரும்பி மறுபக்கம் தடவினாள். அங்கேயும் இல்லை. அப்படியே நின்றுவிட்டாள். சாயங்காலம் போய்ப் பார்த்தபோது செத்திருந்தாள்.

இதை எழுதும்போது எனக்கு அழுகை வருகிறது. ஒரு நண்டுக்கு அழுகிறேன் என்று அத்தையிடம் சொல்லாதீர்கள்.

ஜோதி


மைசூர்
10 ஜூலை 2025

அன்புள்ள கண்ணுக்கு,

பயப்படாதே. உன் கடிதம் வருவதற்கு முன்பே மேற்குச் சன்னல் வேலையை முடித்துவிட்டேன். மத்தியான வெயில் கட்டில்மேல் ஏறுகிறது என்று நீ மே மாதமே எழுதியிருந்தாய். படுத்துப் பார்த்தபோது அது உண்மைதான் என்று தெரிந்தது. கடைசிப் பூச்சை எப்போதும் உள்ளிருந்துதான் பூச வேண்டும், அப்போதுதான் பிசிறு இருக்காது. அதனால் உள்ளே நின்றே அடைத்தேன். இவ்வளவு சுத்தமான வேலையை என் கை செய்ததே இல்லை. எங்கே சன்னல் இருந்தது என்று எனக்கே இப்போது சொல்லத் தெரியவில்லை.

அடைத்து முடித்த பிறகுதான் கெம்பையன் வெளியே சாரத்தில் நின்று, "அண்ணா, பாகிலு எல்லி?" என்று கூப்பிட்டான். வாசல் எங்கே என்கிறான். ஆவணியில் என்றேன். பாவம், சாரத்தைப் பிரிக்காமல் அங்கேயே உட்கார்ந்திருந்தான்.

எனக்கு ஒரு குறையும் இல்லை. பாத்ரூம் இருக்கிறது, தண்ணீர் வருகிறது, ஃபேன் ஓடுகிறது. அம்மா படியில் நின்று ஓட்டை வழியே தட்டில் சோறு தருகிறாள். அவளுக்கு மூட்டு வலி குறைந்துவிட்டதாம். கெம்பையன் கடிதங்களை வாங்கிக்கொண்டு போகிறான். நீ வரும்வரைக்கும் உன் அறையை நான் பார்த்துக்கொள்கிறேன், அவ்வளவுதான்.

உன்னிடம் ஒன்று கேட்க வேண்டும், நீ படித்தவள். சுவரில் வெள்ளையாக ஏதோ பூக்கிறது. புதுச் சுவரில் உப்புப் பூப்பது சகஜம், துடைத்தால் போய்விடும். இது துடைத்தால் மறுநாள் இன்னும் தடித்து வருகிறது. சின்னச் சின்னப் பூக்களாக, நுனியில் கிளைத்து. விரலால் தொட்டு நாக்கில் வைத்தேன், உப்பு. கடல் வாசம் அடிக்கிறது என்று நினைக்கிறேன். நான் கடலைப் பார்த்ததில்லை. அழுகலும் இல்லாமல் பச்சையும் இல்லாமல் ஒரு குளிர்ந்த வாசம். கடல் இப்படித்தான் இருக்குமா?

தூக்குக்குண்டு விட்டுப் பார்த்தேன். நூலை மேலே சுவரை ஒட்டித் தொங்க விட்டாலும் கீழே வருவதற்குள் சுவரை விட்டு விலகிவிடுகிறது. சுவர் உள்பக்கம் வளைகிறது ஜோதி. இது விழுகிற சாய்வு இல்லை. விழுகிற சுவர் எது என்று மேஸ்திரிக்குத் தெரியாதா? இது அணைக்கிற சாய்வு.

உன்
சேகரன்


மண்டபம்
17 ஜூலை 2025

மாமா,

போன் வேண்டாம் என்று சொன்னவள் நான்தான், நானே அழைத்தேன். அத்தைதான் எடுத்தார். "போனை மாமாவிடம் கொடுங்கள்" என்றேன். "போனு உள்ள நொழைய மாட்டேங்குது கண்ணு, ஓட்டை சின்னதாப் போச்சு" என்கிறார், ஏதோ ஸ்வெட்டர் சுருங்கிவிட்டது என்பது போல. நான் கத்தினேன். அவர் கத்தவே இல்லை. "பொழுதுக்கும் சைட்டு சைட்டுன்னு ஓடுனவன். இப்பத்தான் என்ற பையன் ஊட்டோட கெடக்கறான். என்ற கண்ணு முன்னால இருக்கறான். அதுல உனக்கென்ன நோவு?" என்றார்.

கண் முன்னால் என்கிறார் மாமா. சுவருக்குப் பின்னால் இருப்பவரை.

சுவரில் பூப்பது என்ன என்று எனக்குத் தெரியாது. தெரியும் என்று சொல்லவும் எனக்குத் தைரியமில்லை. மைசூரில் கடல் கிடையாது. உடனே கெம்பையனை உடைக்கச் சொல்லுங்கள். இங்கே கச்சான் காற்று, கடல் கலங்கிக் கிடக்கிறது, தொட்டிக் கணக்கை ஒப்படைத்தால்தான் நான் கிளம்ப முடியும். ஒப்படைத்த அன்றே கிளம்புவேன்.

எனக்கு இங்கே எந்தக் குறையும் இல்லை. நன்றாகக் கேளுங்கள், எந்தக் குறையும் இல்லை.

ஜோதி


மைசூர்
24 ஜூலை 2025

அன்புள்ள கண்ணுக்கு,

இன்றைக்குப் பீமன அமாவாசை. அக்கம்பக்கத்துப் பெண்களெல்லாம் புருஷன் காலைக் கழுவிப் பூஜை செய்கிற நாள். மணிச் சத்தம் சுவர் வழியாக ஏதோ தண்ணீருக்கடியிலிருந்து வருவது போல வந்தது. நீ ஒரு வருஷமும் இதைச் செய்ததில்லை. நானும் கேட்டதில்லை. இன்றைக்கு என் காலை நானே பார்த்துக்கொண்டேன். வெளுத்துவிட்டது. வெயில் படாத கால் இவ்வளவு மெலிதாகிவிடும் என்று தெரியாது.

கட்டில் இப்போது இரண்டு பக்கமும் சுவரைத் தொடுகிறது. மூலைகள் உருண்டுவிட்டன. அலமாரி எங்கே போயிற்று என்று தெரியவில்லை, அதன்மேலும் பூத்துவிட்டது என்று நினைக்கிறேன். அம்மா தட்டை விட்டுவிட்டு டிபன் கேரியர் அடுக்கில் கொடுத்தாள். இப்போது அதுவும் நுழையவில்லை, டம்ளரில் ராகிக் கஞ்சி ஊற்றித் தருகிறாள். எனக்கு அதுவே அதிகம். சில நாள் காற்றிலேயே பசி அடங்கிவிடுகிறது.

நான் மூச்சு விடும்போது ஓட்டைப் பக்கமிருந்து ஒரு குளிர்ச்சி வந்து, முகத்தைச் சுற்றிக்கொண்டு திரும்பிப் போகிறது. அது போகிற வழியில் மட்டும் சுவர் பூப்பதில்லை. நீ எழுதியது நூற்றுக்கு நூறு சரி. உன் படிப்பில் நான் ஒரு பாடமாவது படித்துவிட்டேன், இல்லையா?

நீ அன்றைக்கு மூச்சு விட இடமில்லை என்றாயே, எனக்கு அது இப்போதுதான் புரிகிறது. வெளியே யாருக்குமே இடமில்லை. இங்கே சரியாக ஒரு மூச்சுக்கு இடம் இருக்கிறது.

உன்
சேகரன்


மைசூர், நம் வீடு
18 ஆகஸ்ட் 2025

என் அன்பு மாமாவுக்கு,

இதைக் கீழே சமையலறையில் எழுதத் தொடங்கி, மாடிப்படியில் உட்கார்ந்து முடிக்கிறேன். ஒரே வீட்டுக்குள் இருந்துகொண்டு கடிதம் எழுதுகிறோம். ஊர் சிரிக்கும்.

நேற்று ஆவணி பிறந்தது. அதற்கு முந்தின நாளே வந்துவிட்டேன், தொட்டிக் கணக்கை ஒப்படைக்க இவ்வளவு நாளாகிவிட்டது. அன்றைக்கு மத்தியானம் கஞ்சி டம்ளரை உங்களுக்கு நீட்டியது அத்தை இல்லை, நான். காலியாகத் திரும்பி வந்தபோது உங்கள் விரல் என் விரலில் பட்டது. குளிர்ந்திருந்தது. பேர் சொல்லிக் கூப்பிட்டேன். பதிலுக்கு ஒரு காற்று மட்டும் வந்தது. அதில் என் அறையில், என் தொட்டியில், என் துணியில் ஐந்து மாதமாக அடித்த அதே வாசம். மைசூரில் நம் வீட்டுப் படியில் நின்று அதை மோந்தேன்.

நேற்றுக் காலை நல்ல நேரம் பார்த்துக் கெம்பையனை வடகிழக்கில் உடைக்கச் சொன்னேன். ஒரே ஓர் அடிதான் போட்டான். உள்ளே நீங்கள் முனகினீர்கள். கெம்பையன் கடப்பாரையைப் போட்டுவிட்டான். "அக்கா, ஹொடெதத்து கோடெகெ, நரளித்து அவரு" என்று அழுதான். அடித்தது சுவரை, முனகியது அவர் என்கிறான். அடிபட்ட இடத்தைப் போய்ப் பார்த்தேன். செங்கல் பெயர்ந்த இடத்தில் ஈரமாக, வெள்ளையாக, மெல்லச் சுருங்கி விரிந்துகொண்டிருந்தது. வேண்டாம் என்று அவனை அனுப்பிவிட்டேன். வெளியிலிருந்து உடைத்தால் என்ன ஆகும் என்று நான் கண்ணால் பார்த்திருக்கிறேன். உங்களை அந்தத் தொட்டியில் நிற்க வைக்க மாட்டேன்.

மாமா, நான் திரும்பி வந்துவிட்டேன். நீங்கள் மார்ச்சில் கேட்காமல் விட்ட கேள்விக்கு இதுதான் பதில். எனக்கு அறை வேண்டாம். சிமெண்டு மூட்டை பக்கத்தில் மேசையைப் போட்டுக்கொள்கிறேன். உங்கள் சத்தம், அத்தை சத்தம், கல்யாண மண்டபத்து வாலகம் எல்லாம் கேட்டுக்கொண்டு இருக்கிறேன். உங்களோடு சண்டை போட ஆசையாக இருக்கிறது. போனில் போடுகிற சண்டை இல்லை, நேருக்கு நேர்.

இந்தக் கடிதத்தில் ஒரு குறைகூடச் சொல்லவில்லை. தேடிப் பாருங்கள். இனிமேல் சொல்லவும் மாட்டேன். சுவருக்குச் சாப்பாடு அதுதான் என்று எனக்குத் தெரிந்துவிட்டது.

இதோடு உங்கள் சின்ன உளியை அனுப்புகிறேன், கல்யாணமான புதிதில் நம் பேரை அம்மிக்கல்லில் கொத்தினீர்களே, அது. ஓட்டையில் அதுதான் நுழைகிறது. அந்த நண்டால் தன் கூட்டை உடைக்க முடியாது மாமா, அதன் கை அவ்வளவுதான். உங்களுக்கு முடியும். நீங்கள் எழுப்பிய சுவர், எங்கே தட்டினால் விடும் என்று உங்களுக்குத் தெரியும். உள்ளேயிருந்து ஒரு தட்டு கேட்டால் போதும், வெளியே நான் விரலால் பெயர்த்து எடுப்பேன்.

படியிலேயே உட்கார்ந்திருக்கிறேன். சத்தத்துக்குக் காத்திருக்கிறேன்.

உங்கள்
ஜோதி


மாடி
அதே நாள்

கண்ணு,

வந்துவிட்டாய். விரல் பட்டபோதே தெரிந்தது. எனக்கு இனிக் கேட்க ஒன்றும் இல்லை.

குறை சொல்லவில்லை என்று எழுதியிருக்கிறாய். ஆனால் கடைசி வரிகளில் உன் எழுத்து நடுங்கியிருக்கிறதே. படியில் காற்று அடிக்கிறதா? சொல்லியிருக்கக் கூடாதா? அம்மாவிடம் சொல்லிப் படியின் கீழ்க்கதவையும் அடைக்கச் செய்கிறேன். கெம்பையன் அடைப்பான், நல்ல பையன்.

உளியை ஓட்டையிலேயே திருப்பி வைத்திருக்கிறேன், பார்த்து எடுத்துக்கொள். இங்கே ஈரம் அதிகம், துருப்பிடித்துவிடும்.

உனக்கும் இடம் வைத்துத்தான் இருக்கிறேன். வாசல் வேண்டியதில்லை, இந்த ஓட்டையே போதும். கொஞ்சம் சின்னதாகிக்கொண்டு வா.

உன்
சேகரன்